அன்றாட உணவு யாருடைய வயலிலிருந்து?

திருமலை லட்டை முன்வைத்து இப்போது எழும் கேள்வியை, 90 ஆண்டுகளுக்கு முன்பே பைபிளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார் தஞ்சாவூரில் பிறந்த ஒரு கிறிஸ்தவர்.

மேல்திருப்பதி மடைப்பள்ளியில் லட்டுக்கு ஒரு கணக்கு உண்டு. 'திட்டம்' என்று அதற்குப் பெயர். எவ்வளவு கடலை மாவுக்கு எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு நெய், முந்திரி எத்தனை, திராட்சை எத்தனை, ஏலக்காய், கற்கண்டு எவ்வளவு என்பதெல்லாம் அதில் அடக்கம். நாளொன்றுக்கு சுமார் 3 லட்சம் லட்டுகள் இந்தக் கணக்கின்படி உருவாகி, வரிசையில் நிற்கும் கைகளுக்குப் போய்ச் சேருகின்றன. 2009-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

2024 செப்டம்பரில் அந்த லட்டுக்கு சோதனை வந்தது. முந்தைய ஆட்சியில் வாங்கிய நெய்யில் விலங்குக் கொழுப்பு கலந்திருந்தது என்று ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு குற்றம்சாட்ட, முந்தைய ஆளுங்கட்சி அதை அடியோடு மறுத்தது. அக்டோபர் 4-ம் தேதி உச்ச நீதிமன்றம் தலையிட்டு, சிபிஐ, மாநில போலீஸ், உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆகியவற்றின் அதிகாரிகளைக் கொண்ட சிறப்புக் குழுவிடம் விசாரணையை ஒப்படைத்தது. 2025 பிப்ரவரியில் நெய் சப்ளையில் தொடர்புள்ள பால் நிறுவனங்களைச் சேர்ந்த 4 பேர் கைதானார்கள். கலந்தது என்ன, கலந்தவர் யார் என்பதெல்லாம் நீதிமன்றத்தின் வேலை.

அந்த அமளியில் ஒரு எண் மட்டும் அதிகம் பேசப்படாமல் போயிற்று. தேவஸ்தானம் வாங்கிய நெய்யின் விலை கிலோ சுமார் ரூ. 320. கொழுப்பு 4 சதவீதம் உள்ள பசும்பாலில் ஒரு கிலோ நெய் எடுக்க ஏறக்குறைய 25 லிட்டர் பால் வேண்டும். லிட்டருக்கு 30 ரூபாய் என்று வைத்தாலும் பாலுக்கே ரூ. 750 ஆகிறது. கொழுப்பு எடுத்த பாலையும் விற்கலாம்தான். அதைக் கழித்தாலும் கணக்கு இடிக்கிறது. இந்த விலைக்கு ஒருவர் நெய் தருகிறார் என்றால், நெய்யில் ஏதோ குறைகிறது, அல்லது மாடு வளர்ப்பவரின் வயிற்றில் ஏதோ குறைகிறது. முதலாவதைப் பற்றி நாடே கொதித்தது. இரண்டாவதைக் கேட்க ஆளில்லை.

வாங்குகிறவன் கேட்டே ஆகவேண்டிய கேள்வி இது என்று சொன்னவர் ஜே.சி. குமரப்பா. கேட்காவிட்டால் அது பாவம் என்கிற அளவுக்குப் போனவர். பாவம் என்ற சொல்லை அவர் அலங்காரத்துக்குப் பயன்படுத்தவில்லை. ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகும் குடும்பத்தில் வளர்ந்தவர்.

ஆடிட்டர் பார்த்த கணக்கு

1892 ஜனவரி 4-ம் தேதி தஞ்சாவூரில் பிறந்தபோது அவர் பெயர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். லண்டனில் கணக்காயர் படிப்பு, பம்பாயில் சொந்தத் தணிக்கை நிறுவனம், பிறகு அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி குறித்த ஆய்வு. இந்தியாவின் வறுமைக்கும் ஆங்கிலேய அரசின் வரிக்கொள்கைக்கும் உள்ள தொடர்பை அங்கே ஆராய்ந்தவர், அதை அச்சிட வழி தேடி 1929 மே மாதம் சபர்மதிக்குப் போனார். காந்தி அதை 'யங் இந்தியா'வில் தொடராக வெளியிட்டார். அத்தோடு ஆடிட்டரை விடவில்லை. குஜராத்தில் மாதர் தாலுகாவின் கிராமங்களைக் கணக்கெடுத்து வரும்படி அனுப்பினார். கோட்டும் டையும் போய் கதர் வந்தது. தாத்தாவின் பெயரான குமரப்பாவும் குடும்பத்துக்குத் திரும்பி வந்தது.

1934 டிசம்பரில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கியபோது அதன் செயலாளர் குமரப்பா. வார்தாவின் மகன்வாடியில் அவர் நடத்திய சோதனைகளில் பாதி, உணவு பற்றியவை. கைக்குத்தல் அரிசியா மில் அரிசியா? செக்கு எண்ணெயா வனஸ்பதியா? வெல்லமா வெள்ளைச் சர்க்கரையா? இன்றைக்கு நகரத்து 'ஆர்கானிக்' கடைகளில் இரட்டிப்பு விலைக்கு விற்கும் அத்தனை பண்டங்களும் அவருடைய பட்டியலில் இருந்தன. அவை ஏழைகளின் பண்டங்கள் என்பதால் இருந்தன என்பதுதான் வித்தியாசம். மகன்வாடிச் சாப்பாடு பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஒருநாள் காந்தி தன் கையாலேயே குமரப்பாவின் தட்டில் வேப்பிலைத் துவையலை வைத்தாராம். பக்கத்திலிருந்த வல்லபாய் பட்டேல், ஆட்டுப்பால் குடித்துக்கொண்டிருந்த பாபு இப்போது ஆட்டுத் தீனியையே தின்ன ஆரம்பித்துவிட்டார் என்று கிண்டலடித்தாராம்.

கரும்பு விஷயத்தில் அவர் வாதம் கணக்காயருடையது. நல்ல நிலத்தையும் நல்ல தண்ணீரையும் கரும்பு எடுத்துக்கொள்கிறது. நெல்லோ கேழ்வரகோ விளையவேண்டிய இடம் அது. பனையோ தரிசில் தானாக நிற்கிறது. இனிப்பு வேண்டுமென்றால் பனைவெல்லம் காய்ச்சுங்கள், வயலைச் சோற்றுக்கு விடுங்கள் என்றார். ஒரு லட்சம் பேர் வாழும் வட்டாரத்துக்கு எவ்வளவு தானியம், பருப்பு, எண்ணெய், பால், பருத்தி வேண்டும், அதற்கு எத்தனை ஏக்கர் வேண்டும் என்று அட்டவணையே போட்டார். அந்தத் தேவை தீர்ந்த பிறகே சந்தைக்கான பயிர். டிராக்டரை எதிர்த்ததற்கும் காரணம் எளிமையானது: அது சாணி போடாது. ரசாயன உரம், களைத்தவனுக்கு ஊற்றிக்கொடுக்கும் சாராயம் போல மண்ணுக்குத் தற்காலிக வெறியூட்டும் என்பது அவர் கருத்து. இவை எல்லாவற்றையும் இன்று ஒப்புக்கொள்ள முடியாது. உரமும் புதிய விதையும் இல்லாமல் 1960-களின் பஞ்சத்தை நாடு எப்படிக் கடந்திருக்கும் என்று கேட்டால் குமரப்பாவின் அட்டவணையில் முழுப் பதில் கிடைக்காது.

ஆனால் வாங்குகிறவனின் பொறுப்பு பற்றி அவர் எழுதியதற்கு வயதாகவில்லை. ஒரு கோப்பை கோகோவை எடுத்துக்கொள்கிறார். கோகோ விளைவது மேற்கு ஆப்பிரிக்கத் தோட்டத்தில். அங்கே வேலை செய்கிறவர்கள் கட்டாயத்துக்கு ஆட்பட்டவர்கள். கப்பல் வரும் கடல் வழியைப் பீரங்கி காக்கிறது. இப்படி ஒவ்வொரு கண்ணியாகப் பிடித்துக்கொண்டு போய், கோப்பையை உதட்டில் வைப்பவர் இத்தனைக்கும் பங்காளி என்று முடிக்கிறார். திருட்டுப் பொருள் என்று தெரிந்தும் மலிவு என்பதால் வாங்குகிறவனைச் சட்டம் விடுவதில்லை. அப்படியிருக்க, எங்கிருந்து வருகிறது என்று விசாரிக்காமல் வாங்குகிறவனை மனசாட்சி மட்டும் எப்படி விடும்? விசாரிக்க முடியாத தூரத்திலிருந்து பொருளை வாங்காதே, உன் கண்ணுக்கெட்டிய இடத்தில் விளைவதை வாங்கு என்பது அவர் சுதேசிக்குக் கொடுத்த விளக்கம். தேசபக்தியைவிட அறநெறி அதில் தூக்கல்.

இந்தச் சிந்தனையின் ஊற்று சுவிசேஷம் என்பதை அவர் மறைக்கவில்லை. 1942 போராட்டத்துக்குப் பின் ஜபல்பூர் சிறையில் அவர் எழுதிய நூல்கள் இரண்டு. ஒன்று நிலைத்து நிற்கும் பொருளாதாரம் பற்றியது. மற்றது இயேசுவின் வாழ்க்கையும் போதனையும் பற்றியது. 1945-ல் இரண்டுக்கும் காந்தி முன்னுரை எழுதினார். முதல் நூலில் வரும் புலி, குரங்கு, தேனீ, தாய்ப்பறவை உவமைகள் பிரசித்தம். கொன்று தின்னும் பொருளாதாரத்தில் தொடங்கி, கைம்மாறு எதிர்பாராமல் குஞ்சுக்கு ஊட்டும் பொருளாதாரத்தில் அது முடிகிறது. இரண்டாம் நூலைப் படித்துவிட்டு முதலாவதைத் திறந்தால் அந்தத் தாய்ப்பறவை எங்கிருந்து வந்தது என்று புரியும்.

திருச்சபைகள் அவரைக் கொண்டாடினவா? 1930-ல் சட்டமறுப்பு இயக்கம் கிறிஸ்தவ நெறிக்குப் பொருந்தாது என்று கல்கத்தாவின் பேராயர் ஃபாஸ் வெஸ்ட்காட் சொன்னபோது, மலைப்பிரசங்கத்தைக் காட்டி அவரோடு பகிரங்கமாக மோதியவர் குமரப்பா. சபைக்குள் அவருக்கு நல்ல பெயர் கிடைக்காததில் வியப்பில்லை. காங்கிரசிலும் அதே கதைதான். விடுதலைக்குப் பின் நிலச்சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவராகி, உழுபவனுக்கே நிலம், உச்சவரம்பு கட்டாயம் என்று 1949-ல் அறிக்கை கொடுத்தார். அது அலமாரிக்குப் போயிற்று. அவர் மதுரைப் பக்கம் தே. கல்லுப்பட்டிக்குப் போனார்.

மாங்கொட்டை சொல்லும் கதை

குமரப்பாவின் கோகோவைத் தேடி ஆப்பிரிக்காவுக்குப் போகவேண்டியதில்லை. திருமலையிலிருந்து இறங்கி சித்தூர் சாலையில் போனால் போதும். இருபுறமும் மாந்தோப்பு. பெரும்பாலும் தோத்தாபுரி. தமிழ்நாட்டில் கிளிமூக்கு என்பார்களே, அதுதான். தின்பதற்கு இரண்டாந்தரம், கூழாக்குவதற்கு முதல்தரம். தொழிற்சாலைகளில் கூழாகி, டப்பாவில் அடைபட்டு, நாடெங்கும் விற்கும் மாம்பழ பானங்களுக்குள் போய்விடுகிறது. வெளிநாடுகளுக்கும் கப்பலேறுகிறது.

2025 ஜூனில் அந்தப் பழத்தின் விலை சரிந்தது. முந்தைய ஆண்டின் கூழே தேங்கிக் கிடக்கிறது என்று ஆலைகள் கைவிரித்தன. ஆலை வாசல்களில் லாரிகளும் டிராக்டர்களும் வரிசை கட்டி நின்றன. பழம் வண்டியிலேயே அழுகியது. சிலர் சாலையோரம் கொட்டிவிட்டுப் போனார்கள். கிலோவுக்கு ஆலை ரூ. 8, அரசு மானியம் ரூ. 4, ஆக மொத்தம் ரூ. 12 என்று ஆந்திர அரசு அறிவிக்கவேண்டி வந்தது. ஆலைகள் அந்த எட்டைக்கூட ஒழுங்காகத் தரவில்லை என்ற புகாரும் எழுந்தது. ஜூலையில் எதிர்க்கட்சித் தலைவர்கள் பங்காருபாளையம் மார்க்கெட்டுக்கு வந்து போனார்கள்.

அந்தக் கோடையிலும் மாம்பழ பானத்தின் புட்டி விலை இறங்கவில்லை. குடித்தவர்களில் எத்தனை பேருக்கு சித்தூர் நினைவு வந்திருக்கும்?

குமரப்பா இருந்திருந்தால், சோற்றுப் பயிரையும் புஞ்சைத் தானியத்தையும் விட்டுவிட்டு ஒரே பழத்தை ஒரே வகை ஆலைக்காக மாவட்டம் முழுக்க நட்டதில் கோளாறு இருக்கிறது என்றிருப்பார். தோட்டக்காரரிடம் அதைச் சொல்வது சுலபமல்ல. மழை குறைந்த பூமி. நிலக்கடலை பொய்த்தது, கரும்பு ஆலைகள் மூடின. மா ஒன்றுதான் வறட்சியிலும் நிற்கிறது.

சோற்றுக்காக வந்தவர்கள்

இந்த வட்டாரத்தில் கிறிஸ்தவத்துக்கும் சோற்றுக்கும் உள்ள உறவு கசப்பானது. அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையின் ஆற்காடு மிஷன் 1853-ல் ஸ்கடர் சகோதரர்களால் தொடங்கப்பட்டது. அன்று வடாற்காட்டில் இருந்த சித்தூர் அதன் தொடக்ககால நிலையங்களில் ஒன்று. (சித்தூர் தனி மாவட்டமானது 1911-ல். 2022 ஏப்ரலில் அதிலிருந்து திருப்பதி மாவட்டம் பிரிந்தது.) 1876-78 பெரும்பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மக்கள் லட்சக்கணக்கில் மடிந்தார்கள். கஞ்சித் தொட்டி வைத்த மிஷன்களை நோக்கி சேரிகள் திரண்டன. சோற்றுக்காக மதம் மாறியவர்கள் என்ற ஏளனம் அப்போது முதல் ஒட்டிக்கொண்டது. ஏளனம் செய்தவர்களில் பட்டினி கிடந்தவர் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

பஞ்சம் முடிந்ததும் சில பாதிரிமார்களுக்கு ஒரு விஷயம் உறைத்தது. ஞானஸ்நானம் பெற்றவரும் பெறாதவரும் ஒரே மாதிரி அடுத்தவன் வயலில் பண்ணையாளாகவே இருந்தார்கள். நெல்லை விளைவிப்பவர் அவர்தான். அதைத் தன் விருப்பப்படி தின்ன முடியாதவரும் அவர்தான். செங்கல்பட்டு வட்டாரத்தில் ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி ஆகியோர் இதை விடாமல் எழுதினார்கள். அங்கே கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர் 1891-ல் அறிக்கை கொடுத்தார். 1892-ல், அதாவது குமரப்பா பிறந்த அதே ஆண்டில், தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது இதைத்தான். பிற சாதியார் வாங்கக்கூடாது என்ற நிபந்தனையோடு தரப்பட்ட அந்த நிலத்தில் பெரும்பகுதி எப்படியோ பிறர் கைக்குப் போய்விட்டது.

'எப்படியோ' என்பதை விசாரிக்கக் கிளம்பியவர்களுக்கு 1994 அக்டோபர் 10-ம் தேதி பதில் கிடைத்தது. செங்கல்பட்டு மாவட்டம் காரணையில் பஞ்சமி நிலமீட்புப் போராட்டத்தின் தொடர்ச்சியாக நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரு இளைஞர்கள் உயிரிழந்தார்கள். ஒருவர் பெயர் கிறிஸ்தவப் பெயர், மற்றவர் பெயர் வேங்கடவன் பெயர். நிலம் கேட்டவர்களுக்கிடையே குண்டு மத பேதம் பார்க்கவில்லை.

தமிழ் படித்தவர்களுக்கு ஒரு சொல் நினைவுக்கு வரலாம். வள்ளுவர் வேளாண்மை என்பதை, வந்தவருக்கு விருந்தளித்து உதவும் பண்பு என்ற பொருளில் ஆள்கிறார். இன்று அது பயிர்த்தொழிலுக்கு மட்டுமே பெயர். கிறிஸ்து கற்பித்த ஜெபத்திலும் இப்படி ஒரு சொல் விவகாரம் உண்டு. மூலத்தில் இருப்பது அப்பம். சோறு தின்னும் நாட்டில் அது எடுபடாது என்று நினைத்தார்களோ என்னவோ, தமிழில் அதைப் பெயர்த்தவர்கள் ஒரு மரபில் ஆகாரம் என்றும் இன்னொரு மரபில் உணவு என்றும் வைத்தார்கள். கேட்பது 'எனக்கு' அல்ல, 'எங்களுக்கு' என்பதை மட்டும் எந்த மொழிபெயர்ப்பும் மாற்றவில்லை. அந்த 'எங்களுக்கு'ள் பயிரிட்டவர் உண்டா என்பதுதான் இங்கே வழக்கு.

கலப்பையும் கைப்பிடிச் சேறும்

அலகாபாத்தில் சாம் ஹிகின்பாட்டம் 1910-ல் வேளாண் நிலையம் தொடங்கியபோது, பாதிரிக்கு ஏர் பிடிக்க என்ன அவசரம் என்று கேட்டார்கள். அதே வழியில் ஆற்காடு மிஷன் காட்பாடியில் வேளாண் பள்ளி நடத்தியது. ஜான் டி வலோய் என்ற அமெரிக்கர் 1920-களிலிருந்து பல பத்தாண்டுகள் அங்கே உழைத்தார். நல்ல விதை, நல்ல கோழியினம், நல்ல கலப்பை கிடைத்தால் நிலமற்றவரும் தலைநிமிரலாம் என்பது இவர்கள் நம்பிக்கை. அதிகம் விளைவிப்பது எப்படி என்று இவர்கள் கேட்டார்கள். விளைந்ததை எடுத்துக்கொண்டு போவது யார் என்று குமரப்பா கேட்டார். இரண்டு கேள்விகளும் ஒரே வேதத்திலிருந்து கிளம்பியவை, எனினும் சந்தித்துக்கொண்டது குறைவு.

மண்ணைப் பற்றிய கேள்வியைக் கேட்டவர் ஒரு டாக்டர். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தி உலகப்புகழ் பெற்ற வேலூர் பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் மிஷனரித் தம்பதிக்குப் பிறந்தவர். சிறுவயது அனுபவம் ஒன்றை அவர் 1980-களில் எழுதினார். மலைச்சரிவில் படிப்படியாக நெல்வயல்கள். மேல் வயலின் தண்ணீர் வரப்பிலுள்ள மடை வழியாகக் கீழ் வயலுக்கு இறங்கும். பையன்கள் தவளை பிடிக்க வயலில் இறங்கித் துள்ள, தண்ணீர் சேறாகிக் கீழே வழிந்தது. மடைகளைக் காவல் காக்கும் ஒரு கிழவர் வந்தார். திட்டவில்லை. ஓடும் தண்ணீரிலிருந்து ஒரு கை சேற்றை அள்ளிக் காட்டி, இது வருஷா வருஷம் ஒரு சாப்பாட்டுக்கு நெல் தரும் மண், இன்னும் பிறக்காத பிள்ளைகளுக்கும் தரவேண்டியது, கீழே போனால் மலையேறித் திரும்பி வராது என்ற பொருளில் சொன்னார். பையன்கள் வெட்கிக் கரையேறினார்கள்.

பல்லாண்டு கழித்து, காடழிந்த மலைகளிலிருந்து ஆறுகள் செந்நிறமாக ஓடுவதைப் பார்த்த பிராண்டுக்கு அந்தக் கைப்பிடிச் சேறு நினைவுக்கு வந்தது. மண்ணைக் காக்கும் கொள்கையில் தன்னால் ஏதாவது செய்யமுடியுமானால் மருத்துவத்தையே விட்டுவிடத் தயார் என்ற அளவுக்கு எழுதினார்.

அவருடைய சகாவான டாக்டர் எர்னஸ்ட் ஃபிரிட்ஷி மருத்துவத்தை விடாமலே அதைச் செய்துகாட்டினார். காட்பாடியை அடுத்த கரிகிரியில், ஆந்திர எல்லைக்கு வெகு அருகில், தொழுநோய் மையத்துக்குக் கிடைத்த இடம் வெறும் சரளைப் பொட்டல். மழைநீர் நிற்காமல் ஓடும் இடத்தில் சரிவுக்குக் குறுக்கே கரை போட்டு, மரக்கன்று நட்டு, ஆடுமாடு மேயாமல் காத்தார். நீர் தங்கியது, மரங்கள் எழுந்தன, பறவைகள் வந்தன. சேஷாசலம் அடிவாரத்துக்குத் தெற்கே இதே போன்ற சரளை மேடுகள் எத்தனையோ இருக்கின்றன. கரிகிரி ஒன்றுதான்.

இப்போது ஆந்திரத்தில் அரசே மண்ணைப் பற்றிப் பேசுகிறது. 2016-ல் ரைத்து சாதிகார சம்ஸ்தா மூலம் தொடங்கிய இயற்கை வேளாண்மைத் திட்டம், மகளிர் குழுக்களை முதுகெலும்பாக வைத்து, சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு கரைத்த ஜீவாமிர்தத்தை வயலுக்குக் கொண்டு சென்றது. 2021 மே மாதம் திருமலை நைவேத்தியத்துக்கு இயற்கை முறையில் விளைந்த பொருட்களை எடுக்கத் தொடங்கியதும் இதன் ஒரு கிளைதான். அழியும் நிலைக்குப் போய், பலமநேர் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தால் பிழைத்த குள்ளமான புங்கனூர் பசுவுக்கும் மவுசு வந்தது. 2024 ஜனவரியில் பிரதமர் இல்லத்துப் படங்களில் அது தோன்றியதும் விலை எங்கேயோ போயிற்று. கொஞ்சமாகத் தின்று சாணமும் கொழுத்த பாலும் தந்ததால்தான் புஞ்சைக்காரர் அதை வைத்திருந்தார். இப்போது அந்தப் புஞ்சைக்காரரால் அதை வாங்க முடியாது. நம்மவர்கள் எதையும் காப்பாற்றும் விதம் இப்படி.

கிறிஸ்தவர்கள் பக்கம் 2015-ல் போப் பிரான்சிஸ் பூமியைப் பற்றிய சுற்றுமடல் வெளியிட்ட பிறகு இவை பிரசங்க மேடைக்கு வந்தன. பழைய ஏற்பாட்டில் ஏழாம் ஆண்டு நிலத்துக்கு ஓய்வு கொடுக்கச் சட்டம் இருப்பதும், அறுவடையில் சிந்திய கதிரை ஏழைக்கு விட்டுவிடச் சொல்லியிருப்பதும் நினைவூட்டப்பட்டன. அந்தச் சட்டங்களின் எச்சம் தமிழ்ச் சபைகளில் இரண்டு வழக்கங்களாக வாழ்கிறது. சோறு வடிக்கும் முன் ஒரு கைப்பிடி அரிசியைக் காணிக்கைக்கு எடுத்து வைக்கும் பிடியரிசி ஒன்று. அறுப்பின் பண்டிகை மற்றொன்று.

அறுப்பின் பண்டிகையன்று பீடத்தின் முன் நெற்கதிர், கரும்பு, வாழைத்தார், பூசணி, தேங்காய், உயிருள்ள கோழி எல்லாம் குவியும். ஆராதனை முடிந்ததும் ஏலம். இருபது ரூபாய்ப் பூசணிக்காய் இருநூறுக்குப் போகும். சில இடங்களில் இரண்டாயிரத்தையும் தொடும். எடுத்தவர் திரும்பக் காணிக்கையாகவே கொடுப்பார், மறுபடி ஏலம் போடுவார்கள். சிரிப்பும் கைதட்டலுமாக நல்ல வசூல். பூசணியைக் கொண்டுவந்தவரின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்வதும் உண்டு. அது விளைந்த நிலம் யாருடையது, களையெடுத்தவருக்கு என்ன கூலி, அந்த வாரச் சந்தையில் பூசணி கிலோ என்ன விலைக்குப் போயிற்று என்று ஏலம் கூறுகிறவர் சொல்வதில்லை.

குமரப்பா 1960 ஜனவரி 30-ம் தேதி மதுரையில் இறந்தார். காந்தி மறைந்து சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் அவர் வாழ்ந்த சிறிய வீடு, அந்தப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் இறங்கிப் பார்க்கக்கூடிய தூரத்தில்தான் இருக்கிறது.